அயனி மரத்து வரத்தி

ஐவரி கோஸ்ட்டிலிருந்து முப்பத்தெட்டு நாள் கடலில் மிதந்து வந்த கொட்டை மூட்டைகளை ஈத்தவிளை அண்டியாபீசின் குடோனில் இறக்கி, நூற்றுப்பதினோராவது சாக்கின் வாயைப் பிரித்தபோது, உள்ளேயிருந்து ஒரு சிம்பன்சி இறங்கி வந்தாள். நடுவயது, நெற்றியில் லேசான வழுக்கை, இடது காதில் பழைய கிழிசல், வலது கையில் பிடி நிறைய ஒரு கருங்கல். சாக்குத் தூசியை உதறிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குடோனையும் அங்கே நின்றவர்களையும் சுற்றி ஒருமுறை பார்த்தாள். மூட்டை இறக்கிய லாசர், "சாக்கு கனமா இருக்கும்போதே நினைச்சேன்" என்றான். சூப்பர்வைசர் தேவசகாயம் அந்தச் சாக்கைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு அடுத்ததைப் பிரிக்கச் சொன்னார், வானம் இருண்டு வந்துகொண்டிருந்தது, மழைக்கு முன்னால் இன்னும் தொண்ணூறு மூட்டை உள்ளே போகவேண்டியிருந்தது.

அந்த வட்டாரத்தில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பேர். அதை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு அண்டியாபீஸ். வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, பருப்பு நொறுங்காமல் தோடு மட்டும் பிளக்கும்படி கட்டையால் அடிப்பதைத் தல்லுவது என்பார்கள். வந்தவள் யாரையும் கேட்காமல் நேராகத் தல்லுகிற கொட்டகைக்குத்தான் போனாள். நூற்றுநாற்பது பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்த அந்தக் கொட்டகையில் அமலோற்பவத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது, அங்கே இருந்த பெண் கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வந்தவள் அங்கே உட்கார்ந்தாள். வறுத்த குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து மோந்து பார்த்தாள், கல்லின் குழியில் நிறுத்தினாள், தன் கருங்கல்லால் அடித்தாள். பருப்பு முழுசாக வெளியே வந்து உருண்டது. அதை வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.

"எக்கா, இது திங்குதே" என்றாள் எதிர் வரிசையிலிருந்த ரோஸ்லெட்.

"ஒண்ணு ரெண்டு நம்மளுந்தான் திங்குதோம்" என்றாள் அமலோற்பவம். "இடம் சும்மாதானே கெடக்கு. இருக்கட்டும்."

அவ்வளவுதான். அவள் இருந்துவிட்டாள்.

முதல் வாரம் அவளை 'அது' என்றார்கள், இரண்டாம் வாரம் 'அவ' என்றார்கள், மாதம் முடிவதற்குள் வரத்தி என்று பேர் விழுந்துவிட்டது, வேற்றூரிலிருந்து வந்து தங்கிவிட்ட பெண்ணை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு ஆபீசுகளிலிருந்து இரண்டு தடவை ஆட்கள் வந்தார்கள்; சரக்கோடு வந்ததால் தங்கள் பொறுப்பில்லை என்று ஒருவர் சொன்னார், உயிரோடு வந்ததால் தங்கள் பொறுப்பில்லை என்று மற்றவர் சொன்னார், இருவரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் நின்ற அயனி மரத்தின் உச்சிக்கிளையில் தினமும் புதிதாக இலையும் கொம்பும் மடித்துப் படுக்கை கட்டிக்கொண்டு வரத்தி அங்கே படுத்தாள். தாகம் எடுத்தால் குழாயடிக்கு வரமாட்டாள். இலைகளை மென்று கசக்கி உருட்டி, மழைத்தண்ணீர் தேங்கிய மரப்பொந்துக்குள் விட்டு நனைத்து, எடுத்து உறிஞ்சுவாள். ஈர்க்குச்சி தடிமனில் ஒரு கொப்பை ஒடித்து, இலையை உருவி, நுனியைப் பல்லால் நைத்து, சுவரோரத்துக் கறையான் புற்றுக்குள் நுழைத்து, கொஞ்சநேரம் பொறுத்து, கறையான்கள் கடித்துத் தொங்க மெல்ல வெளியே இழுப்பாள். அதைப் பார்த்த பிறகு சாக்கடைக்குள் கம்மல் விழுந்தவர்களும், சுவரிடுக்கில் சாவி போனவர்களும், கிணற்றுச் சுவரின் துவாரத்தில் பேனா மூடி சிக்கியவர்களும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அவளும் போனாள், இடுக்கின் ஆழத்தை முதலில் எட்டிப் பார்த்து, அதற்கேற்ற நீளத்தில் குச்சி ஒடித்து, எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததும் வாய் நிறைய ஏதாவது தரவேண்டும் என்று எதிர்பார்த்து அங்கேயே நின்றாள்.

அவள் உடைத்ததில் பருப்பு நொறுங்கவே இல்லை என்று கண்ட மேனேஜர், எல்லாப் பெண்களும் கட்டையை விட்டுக் கல்லால் தல்லவேண்டும் என்று ஒருநாள் உத்தரவு போட்டு, லாரியில் கல் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு உடைத்த பருப்பில் பாதி மாவாகப் போயிற்று. வரத்தி எழுந்து வந்து அந்தக் கல்குவியலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, தூக்கிய எல்லாவற்றையும் கீழே போட்டாள். மறுநாள் காலை பரளியாற்றில் தண்ணீர் வடிந்திருந்த பக்கமாக அவள் நடக்க, பின்னாலேயே பத்திருபது பெண்கள் போனார்கள். ஆற்றுக்குள் இறங்கி, ஒரு கல்லை எடுப்பாள், உள்ளங்கையில் நிறுத்தி ஆட்டிப்பார்ப்பாள், வேண்டாமென்று விடுவாள், இன்னொன்றை எடுப்பாள், எடுத்து அதைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் கரையில் நின்ற யாராவது ஒருத்தியின் முன்னால் வைப்பாள். கை சின்னவளுக்குச் சின்னக் கல், தோள் வலிக்காரிக்குக் கனமில்லாத கல். யாருக்குத் தோள்வலி என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, வரிசையில் கூட உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்குத் தெரியாமலிருக்குமா என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அமலோற்பவத்துக்கு மட்டும் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. அது நான்காம் நாளே பிடித்தது.

வரத்தி எந்தக் கொட்டையையும் உடனே அடிக்கமாட்டாள். கல்லில் நிறுத்தி இரண்டு தட்டு தட்டுவாள், லேசாக, கதவு தட்டுவது போல. பிறகு கொட்டையை ஒரு சுண்டுவிரல் அளவு திருப்புவாள். பிறகு ஒரு மூச்சு சும்மா இருப்பாள். அதற்குப் பிறகுதான் அடி. இதே இரண்டு தட்டையும் இதே திருப்பலையும் இதே மூச்சையும் அமலோற்பவம் நாற்பது நாள் தன் அடுக்களையில் பார்த்திருக்கிறாள், தேங்காய் உடைக்கையில், பனங்கொட்டை வெட்டுகையில், அவித்த முட்டையின் தோடு நீக்குகையில்கூட. அது அவள் புருஷன் பத்ரோசின் கை.

பத்ரோஸ் கொட்டையின் தரம் பார்க்கிறவன். மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கீறிப் பார்த்தே இதில் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவான். அந்தக் கைக்காகத்தான் ஒரு வியாபாரி அவனை ஐவரி கோஸ்ட்டுக்குக் கூட்டிப்போனார், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். இரண்டு வருஷம் கழித்து நாற்பது நாள் லீவில் வந்தான், கறுத்திருந்தான், அதிகம் பேசவில்லை, காட்டைப் பற்றி மட்டும் பேசினான், திரும்பப் போனான். ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. பிறகு வரவில்லை. விசாரித்ததில் அவன் வேலையை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் போய்விட்டான் என்று மட்டும் தெரிந்தது, எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று. பிள்ளை கிடையாது. அமலோற்பவம் தாலியைக் கழற்றவில்லை, கறுப்புச் சேலை உடுத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து மத்தியானம் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ரோஸ்லெட்டு, இவ தட்டுத பாத்தியா?"

"நல்லாத்தான் தட்டுதா."

"அவிய கைடீ இது. அவியதான் இவளுக்குக் காட்டிக் குடுத்திருக்காவ."

ரோஸ்லெட் அவளைப் பார்த்தாள். கிண்டல் பண்ணலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, பண்ணாமல் விட்டாள். "அப்பிடின்னா அவிய உயிரோட இருக்காவ" என்றாள்.

அன்றிலிருந்து அமலோற்பவம் வரத்தியோடு பேச ஆரம்பித்தாள். தல்லிக்கொண்டே, பக்கத்தில் திரும்பாமல், கூட வேலை செய்கிறவளிடம் வீட்டு விஷயம் சொல்வது போல: அவிய இப்பம் மெலிஞ்சிருக்காவளா, காய்ச்சல் வந்தா யாரு பாக்குதா, என் பேரு எப்பமாவது சொன்னாவளா. வரத்தி அவள் முகத்தைப் பார்ப்பாள், சிலநேரம் கையை நீட்டி அவள் கன்னத்துப் பக்கத்து நரைமுடியை ஒதுக்கி எதையோ தேடுவாள். ஒருநாள் அமலோற்பவம் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். வரத்தி அதை மோந்தாள், நக்கினாள், திருப்பிப் பின்பக்கத்தையும் நக்கினாள், தரையில் வைத்தாள். மறுநாள் பெட்டிக்குள் கிடந்த பத்ரோசின் நீலக்கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்தாள். வரத்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அதற்குள் புதைத்து, எல்லாப் பெண்களும் தல்லுவதை நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு நெடுநேரம் அப்படியே இருந்து, எழுந்து, சட்டையோடு அயனி மரத்தில் ஏறி, அதைத் தன் படுக்கையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் சட்டைகள் வந்தன. அந்த ஊரில் யாருடைய ஆளும் ஊரில் இல்லை. குவைத்தில் இருந்தார்கள், ஓமானில் இருந்தார்கள், கப்பலில் இருந்தார்கள், புயலன்று கடலுக்குப் போன இடத்தில் இருந்தார்கள், திருப்பூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ இருந்தார்கள். பெண்கள் சட்டையும் கைலியும் துவர்த்துத் துண்டும் கொண்டுவந்தார்கள், ஒருத்தி பள்ளிக்கூடப் பை கொண்டுவந்தாள், ஒரு கிழவர் தன் பெண்சாதியின் சடைமாட்டியைக் கொண்டுவந்து யார் முகத்தையும் பார்க்காமல் வரிசையில் நின்றார். வரத்தி ஒவ்வொன்றாக வாங்கி மோந்தாள். சிலவற்றை மரத்துக்குக் கொண்டுபோனாள், சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டால் ஆள் இருக்கிறான், திருப்பினால் இல்லை என்று வரிசையிலேயே ஒரு பேச்சு கிளம்பிற்று. ரோஸ்லெட்டின் புருஷன் சட்டை திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பிக்க, அவள் மடியிலிருந்த போன் அடித்தது, குவைத்திலிருந்து அவன்தான்.

"செத்துட்டேன்னு யாரு சொன்னா? இப்பந்தான் சோறு தின்னேன்" என்று அவன் கத்தியது வரிசை முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு யாரும் வரிசையை விட்டு விலகவில்லை.

ஆடி மாதம் கல்லூரியிலிருந்து பிரபாகுமாரி டீச்சர் வந்தார். விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர், குடையை மடக்கிவிட்டு வரத்திக்கு எதிரில் ஒரு மணிநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. டீ நேரத்தில் பெண்கள் சுற்றிவந்து உட்கார்ந்தார்கள்.

"இவங்க காட்டுல இப்படி உடைக்கிறது புதுசில்ல" என்றார் டீச்சர். "அம்மா உடைக்கிறதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை படிக்கும். நல்லா உடைக்க வர ஏழெட்டு வருஷம் ஆகும். ஒரு காட்டுக்கூட்டம் ஒரு மாதிரி உடைக்கும், பக்கத்துக் கூட்டம் வேற மாதிரி. தோண்டிப் பார்த்தப்போ நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால அவங்க உடைச்ச கல்லுகூட கிடைச்சிருக்கு."

"மனுஷங்க காட்டிக் குடுத்தது இல்லையா டீச்சரே?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"அதுக்கு அவசியமே இல்ல அம்மா. இந்த ரெண்டு தட்டு இருக்கே, இது இவளோட அம்மா தட்டினதா இருக்கும். அவளுக்கு அவ அம்மா."

டீச்சர் நல்ல மனசோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு டீ கிளாசைக் கீழே வைத்தார். அமலோற்பவம் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, வரத்தி பொறுக்கித் தந்த கல்லைக் கையில் எடுத்து, அடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பத்ரோஸ் தேங்காயை ஒரே போடாகப் போடுவான், தண்ணீர் அடுக்களை முழுக்கத் தெறிக்கும், அவள் திட்டுவாள். இரண்டு தட்டும் மூச்சும் அந்த நாற்பது நாள் லீவில்தான் வந்தது. அப்போது அவள் சிரித்து, "இதென்ன புதுப்பழக்கம்" என்று கேட்டதும், "அங்கத்தவங்க இப்படித்தான்" என்று அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. யாரோ ஆட்களைச் சொல்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் இவளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. எங்கேயோ காட்டோரத்தில் வேலை முடிந்த பொழுதுகளில் ஒற்றையாக உட்கார்ந்து, இவளைப் போன்றவர்களைப் பார்த்துப் பார்த்து, அவன்தான் படித்திருக்கிறான். ஐந்து மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவனிடமிருந்து ஒரு சேதியும் கொண்டுவரவில்லை.

சாயங்காலம் சங்கு ஊதியது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அருளப்பன் வந்தான், பத்ரோசின் தம்பி, மார்த்தாண்டத்தில் டயர் கடை வைத்திருப்பவன். அவன் கையில் கோயில் ஆபீசுக்குக் கொடுக்கவேண்டிய காகிதம் இருந்தது. பத்ரோசுக்கு இறந்தோர் பூசை வைக்கவும், குடும்பக் கல்லறையில் அவன் பேரை வெட்டவும் பெண்சாதியின் கையெழுத்து வேண்டும். ஒரு வருஷமாக அந்தக் காகிதத்தோடு அவன் வருவதும் அவள் மறுப்பதுமாக இருந்தது.

"மைனி, இண்ணைக்காவது போட்டுத் தாருங்க."

"ஒனக்கென்ன இவ்வளவு அவசரம்? அவிய செத்தத நீ கண்டியா?"

அருளப்பன் அவளுக்குப் பக்கத்தில் வரத்தியின் இடத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "அவசரம் இல்ல மைனி. ஒம்பது வருஷமா போன் அடிக்கும்போதெல்லாம் அண்ணனா இருக்குமோன்னு எடுக்குதேன். கடையில ஆளு நிக்கும்போதும் எடுக்குதேன், வண்டி ஓட்டும்போதும் எடுக்குதேன். கல்லுல பேரு எழுதிட்டா, அப்புறம் போன் அடிச்சா அது வெறும் போனா இருக்கும். எனக்கு அது போதும்."

அவள் அவனைப் பார்த்தாள். இவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் இருந்திருக்கிறான் என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. பேனாவுக்காகக் கையை நீட்டினாள். விரலிலிருந்த அண்டித்தோட்டின் கறை காகிதத்தின் ஓரத்தில் ஒட்டியது.

அப்போது வரத்தி கூவினாள்.

தினமும் கூவுவதுதான். சங்கு ஊதிக் கொஞ்சநேரத்தில் மரத்தில் ஏறி அவள் கூவுவது இரண்டு மைல் கேட்கும், ஊர் அதைக் கடிகாரமாக வைத்திருந்தது. வரத்தி கூவியாச்சு விளக்கேற்று என்பார்கள், வரத்தி கூவியாச்சு ஆட்டைப் பிடித்துக் கட்டு என்பார்கள். அந்த நேரத்துக்கு அமலோற்பவம் எப்போதும் பஸ்சில் நெரிந்துகொண்டிருப்பாள், முழுசாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். அது அடித்தொண்டையில் மெதுவாக மூச்சும் குரலுமாகத் தொடங்கி, ஏறி, ஏறி, உடம்பு தாங்காத அலறலாகி, அதோடு அவள் கால்களால் மரத்தை அடித்த அடி டம்டம்மென்று கொட்டகைத் தகரத்தில் அதிர்ந்து, சட்டென்று நின்றது. நின்ற பிறகு ஒன்றுமில்லை. அமலோற்பவம் வெளியே வந்து மேலே பார்த்தாள். சட்டைகளுக்கு நடுவில் வரத்தி மேற்கே, கடல் இருக்கும் பக்கம் முகத்தை வைத்து, கிழிந்த காதை ஒருபக்கமாகச் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செய்யுதா?" என்று வாட்ச்மேன் செல்லையனைக் கேட்டாள்.

"பதிலு கேக்குதான்னு பாக்குதா" என்றார் அவர். "கொஞ்சநேரம் இப்பிடி இருப்பா. அப்புறம் படுத்துடுவா."

"எல்லா நாளுமா?"

"வந்த நாள் முதலா."

அமலோற்பவம் மரத்தடியில் நின்றாள். இந்த ஐந்து மாதமும் இவளிடம் கேள்வியாகக் கேட்டோமே, இவளுக்கு யார் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லையே என்று இருந்தது. அங்கே யாரை விட்டு வந்தாள், தங்கையையா, மகளையா, கூப்பிட்டால் எந்த மரத்திலிருந்து எந்தக் குரல் திரும்ப வரும். இவளுக்காவது கூப்பிடத் தெரிகிறது. அமலோற்பவம் வாயைத் திறந்தாள், கூப்பிட அவளிடம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை, 'இஞ்ச பாருங்க' என்பாள், 'அவிய' என்பாள், போனில்கூட 'ம்ம்' என்றுதான் தொடங்குவாள்.

"பத்ரோசே" என்றாள், மெதுவாக.

அது வேறு யாரோ ஒருத்தனின் பேர்போல இருந்தது. மறுபடி சொன்னாள். பிறகு கடல் இருக்கும் பக்கம் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, "பத்ரோசே... ஏ பத்ரோசே..." என்று கத்தினாள். மரத்தில் வரத்தி தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள்.

அருளப்பன் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையெழுத்து விழாத காகிதம் அவன் கையில் நனைந்துகொண்டிருந்தது, தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவன் அதை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு மைனி பக்கத்தில் வந்து நின்றான், நின்று, வாயின் இரண்டு பக்கமும் கையை வைத்து, "அண்ணா" என்று கூப்பிட்டான். ஐம்பது வயசுக் குரல் நடுவில் உடைந்து, ஆற்றுக்கரையில் குளிக்கப் போன அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்ட குரலாக ஆயிற்று.

அன்றைக்குப் பிந்திப்போன பஸ்சுக்காக வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி மகனைக் கூப்பிட்டாள், ஒருத்தி அப்பாவைக் கூப்பிட்டாள், ரோஸ்லெட் காலையில்கூடப் போனில் பேசிய புருஷனைக் கூப்பிட்டாள், சடைமாட்டி கொண்டுவந்த கிழவர் ரோட்டிலிருந்து குடையோடு வந்து, ஒரு பேரைச் சொல்ல முயன்று, முடியாமல் குடையால் தரையை அடித்தார். மேலேயிருந்து வரத்தி மறுபடி கூவினாள், எல்லாக் குரலையும் தூக்கிக்கொண்டு போகிறவள்போல நீளமாகக் கூவி, மரத்தை அடித்து, நிறுத்தினாள். எல்லோரும் நிறுத்தினார்கள். பஸ் வந்து, ஹார்ன் அடித்து, ஆளில்லாமல் போயிற்று. அயனி இலைகளில் தூறல் விழும் சத்தம் கேட்டது, அதற்கு அப்பால் ரப்பர் தோட்டம், அதற்கு அப்பால் கடல், அதற்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை.

பதில் வரவில்லை. வரவில்லை என்று யாரும் அங்கிருந்து நகரவும் இல்லை.